வாஞ்சியின் பிரௌனிங்: துப்பாக்கியும் துருவும் தோட்டாவும்

மணியாச்சி ஜங்ஷனில் 1911 ஜூன் 17 அன்று நடந்தது பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கொடைக்கானலில் இருந்த தன் நான்கு குழந்தைகளைப் பார்க்க மனைவி மேரியுடன் ரயிலில் கிளம்புகிறார். காலை 10.38க்கு வண்டி மணியாச்சிக்கு வந்து நிற்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் போட் மெயில் வந்துவிடும், அதில் இவர்களின் பெட்டியை இணைக்க வேண்டும். கணவனும் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். குடுமி வைத்த இளைஞர் ஒருவர் பெட்டிக்குள் ஏறி, துப்பாக்கியை எடுத்து ஆஷின் மார்பில் சுடுகிறார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியைத் தன் வாயில் வைத்துச் சுட்டுக்கொள்கிறார். செங்கோட்டைக்காரர், வயது இருபத்தைந்து, புனலூர் வனத்துறையில் வேலை. பெயர் வாஞ்சிநாதன்.

வாஞ்சியைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஆஷைப் பற்றியும் பிற்காலத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பற்றி மட்டும் எல்லோரும் அரை வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். "பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமேட்டிக்", அவ்வளவுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் துப்பாக்கி அன்று குறைந்தது இரண்டு முறை ஒழுங்காக வெடிக்க வேண்டியிருந்தது. முதல் முறை ஆஷுக்கு. இரண்டாவது முறை வாஞ்சிக்கே. முதல் குண்டு வெடித்த பிறகு காலித் தோட்டா வெளியே போய், அடுத்த தோட்டா தானாக மேலே ஏறி, சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று சிக்கியிருந்தால் வாஞ்சி உயிரோடு பிடிபட்டிருப்பார். விசாரணை, அப்ரூவர், வாக்குமூலம் என்று வழக்கு வேறு பாதையில் போயிருக்கும். ஆக, இந்தச் சம்பவத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங்குக்கும் பங்கு உண்டு. வீரத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவது பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் இந்தப் பிரௌனிங் என்பது என்ன? ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்தவர். துப்பாக்கி வடிவமைப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர். அவருடைய சின்ன ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கியைத் தயாரிக்க முன்வந்தது பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டால் என்ற ஊரில் இருந்த எஃப்.என். கம்பெனி. பெல்ஜிய அரசுக்கு மவுசர் ரைபிள் செய்து கொடுப்பதற்காக 1889இல் தொடங்கப்பட்ட கம்பெனி அது. பிரௌனிங் 1900 மாடலைப் பெல்ஜிய ராணுவமே தன் அதிகாரிகளுக்காக ஏற்றுக்கொண்டது. பிறகு உலகம் முழுக்க விற்பனை. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் சுமார் 7 லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. எடை 625 கிராம், அதாவது முக்கால் கிலோ கூட இல்லை. மாகசினில் 7 தோட்டா. தட்டையாக இருக்கும். கோட்டுப் பையிலோ, இடுப்பு வேட்டி மடிப்பிலோ வைத்தால் வெளியே தெரியாது.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். அதுவரை கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர். நடுவில் உருண்டையான உருளை, அதில் ஆறு அறை. எங்கே ஒளித்தாலும் வயிறு புடைத்தாற்போலக் காட்டிக்கொடுத்துவிடும். பிரௌனிங் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. உலகத்தில் அந்த இருபது வருட அரசியல் கொலைகளின் பட்டியலை எடுத்தால் இந்தக் கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1904இல் ஃபின்லாந்தில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிக்கோவ். 1909 அக்டோபர் 26இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இத்தோ ஹிரோபுமி, சுட்டவர் கொரியாவின் ஆன் ஜுங் குன். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர், அது அடுத்த மாடலான 1910. ஒரே தொழிற்சாலையில் செய்தவை. ராணுவ அதிகாரிகள் இடுப்பில் செருகிக்கொள்ளச் செய்த சாமான் யார் யார் கைக்கெல்லாம் போனது பாருங்கள்.

இந்தியாவுக்கு எப்படி வந்தது? லிட்டன் காலத்தில், 1878இல், கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஐரோப்பியர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா துறைமுகங்களில் சுங்கச் சோதனை. அதனால் திருட்டு வழிதான். 1909 தொடக்கத்தில் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல்காரராக இருந்த சதுர்புஜ் அமீன் என்பவர் மூலமாக, பெட்டியில் போலி அடித்தட்டு வைத்து, 20 பிரௌனிங் பிஸ்டல்களைத் தோட்டாக்களோடு சாவர்க்கர் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றால்தான் 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் நாடகம் பார்க்க வந்த கலெக்டர் ஜாக்சனை அனந்த் கான்ஹேரே சுட்டார். துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று போலீஸ் தோண்டிக்கொண்டே போய் லண்டன் வரைக்கும் போனது. சதுர்புஜ் அப்ரூவர் ஆனார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார்.

சாவர்க்கரோடு லண்டனில் இருந்தவர் திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர். பாரிஸ்டர் படிக்கப் போனவர். பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி, மாறுவேடத்தில் 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு ஆட்சி, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாது. பாரதியும் அரவிந்தரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1911 தொடக்கத்தில் வாஞ்சி விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி போய் ஐயரிடம் சுடக் கற்றுக்கொண்டார். துப்பாக்கி பாரிஸிலிருந்து மேடம் காமா வழியாக வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

"சுடக் கற்றுக்கொண்டார்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் குறி பார்ப்பது பாதிதான். மீதிப் பாதி அந்த இயந்திரத்தோடு பழகுவது. லண்டனில் 1909 ஜூலை 1 அன்று கர்சன் வில்லியைச் சுட்ட மதன்லால் திங்க்ரா, அதற்கு முன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இருந்த ஒரு கட்டணச் சுடுதளத்துக்குப் போய்ப் பழகியவர். சம்பவத்தன்று மாலைகூட அங்கே பன்னிரண்டு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். லண்டனில் காசு கொடுத்தால் சுடலாம், தோட்டா கடையில் கிடைக்கும். புதுச்சேரியில்? ஒவ்வொரு தோட்டாவும் கடல் தாண்டிக் கள்ளத்தனமாக வந்தது. பழகுவதற்குச் சுட்டால் காரியத்துக்கு இருக்காது. காரியத்துக்கு மிச்சம் வைத்தால் பழக முடியாது. இந்த இக்கட்டு அந்தக் காலத்தின் எல்லா ரகசியக் குழுக்களுக்கும் இருந்தது.

இனி, இயந்திரத்துக்கு வருவோம். வெடித்த வேகத்தில் குண்டு முன்னால் போகும், அதே வேகம் தோட்டாவின் வெற்றுக்கூட்டைப் பின்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் மேல்பாகம், அதாவது ஸ்லைடு, பின்னுக்குப் போகும். போகும்போதே காலிக் கூட்டைப் பிடித்து வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளும். வரும்போது மாகசினிலிருந்து அடுத்த தோட்டாவை வாரிக்கொண்டு வந்து குழலுக்குள் அடைக்கும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில். 1900 மாடலில் இன்னொரு விசேஷம் உண்டு. ஸ்லைடைத் தள்ளும் ஸ்பிரிங் குழலுக்கு மேலே இருக்கிறது, தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும் ஊசிக்கும் அதே ஸ்பிரிங்தான் ஒரு நெம்புகோல் வழியாக விசை கொடுக்கிறது. ஒரே ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்தால் இரண்டு வேலையும் ஒன்றாகக் கெடும். தோட்டாவும் சரியாக ஏறாது, ஏறினாலும் ஊசி அழுத்தமாகக் குத்தாது, வெடிக்காது.

பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர்கள் இதனால்தான் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்கிறார்கள், அடுத்து மாகசினை. ஆட்டோமேட்டிக் சிக்கிக்கொள்வதில் பெரும்பாலான குற்றவாளி மாகசின்தான். அது வெறும் தகரப் பெட்டி. அதன் வாய் விளிம்பு தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்திருக்க வேண்டும். ஒரு தடவை கீழே விழுந்து விளிம்பு கொஞ்சம் நசுங்கினால் போதும், தோட்டா மூக்கை இடித்துக்கொண்டு பாதியில் நிற்கும். பார்ப்பதற்குத் துப்பாக்கி பளபளவென்று இருக்கும். வேலை செய்யாது.

ரிவால்வரில் இந்த வம்பு கிடையாது. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, விசையை இன்னொரு முறை இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் கையால் ஸ்லைடை இழுத்து, வெடிக்காததை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். நிதானமாக உட்கார்ந்து செய்தால் இரண்டு விநாடி வேலை. கலெக்டர் எதிரே நின்றுகொண்டு கை நடுங்கும்போது அது யுகம். பிரிட்டிஷ் ராணுவம் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் வெப்லி, என்ஃபீல்ட் ரிவால்வர்களைப் பெரிதும் நம்பியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சேற்றிலும் மணலிலும் ரிவால்வர் பொறுத்துப் போகும்.

இன்னொரு ஆபத்தும் ஆட்டோமேட்டிக்கில் உண்டு. மாகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைத்துக்கொள்வார்கள். குழலுக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அப்படியே இருக்கும். உலகம் முழுக்கத் துடைக்கும்போது நடந்த விபத்துகளில் பாதிக்கு இந்த ஒரு தோட்டாதான் காரணமாக இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் மாகசினை எடு, பிறகு ஸ்லைடை இழு, பிறகு கண்ணால் பார் என்று வரிசை சொல்லித் தருகிறார்கள். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால் மாகசினிலிருந்து புதுத் தோட்டா உள்ளே ஏறிவிடும்.

அடுத்து துரு. தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மொட்டைமாடி டேங்க் ஸ்டாண்டு எல்லாம் உப்புக் காற்றில் என்ன கதிக்கு ஆளாகிறது என்று தினமும் பார்க்கிறவர்கள். புதுச்சேரியும் அதே கடற்கரைதான். அங்கே ஒரு பிஸ்டலைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தால் என்ன ஆகியிருக்கும்? இரும்பின் மேல் நீலம் பாய்ந்த கருப்பு நிறம் தெரிகிறதே, அதுவே ஒரு வகையில் திட்டமிட்டு ஏற்றிய துருதான். மேலாக மெல்லியதாக ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கிவிட்டால் ஓரளவுக்குப் பழுப்புத் துருவைத் தடுக்கும். ஓரளவுக்குத்தான். எண்ணெய் இல்லாவிட்டால் உப்புக் காற்றிடம் அது தோற்றுப்போகும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, தோட்டாவிலிருந்தே வருகிறது. தோட்டாவின் அடியில் பிரைமர் என்று ஒரு சின்னக் குமிழ். ஊசி குத்தியதும் முதலில் பற்றிக்கொள்வது அதுதான். அந்தக் காலத்துப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடாகப் படிகிறது. சமையல் உப்புக்குச் சொந்தக்கார உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்துக் குழலை உள்ளே அரிக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரைவதில்லை. தண்ணீரில்தான் கரையும். அதனால் பழைய சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலுக்குள் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுவார்கள். பிறகு நன்றாக உலரவிட்டு, துணியால் துடைத்து, அதற்கப்புறம் எண்ணெய். இரும்பில் தண்ணீர் ஊற்றுவதா என்று கேட்டால், காசிமேட்டில் கடலுக்குப் போய்வந்த இன்ஜினை ஏன் நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று யோசித்தால் விளங்கிவிடும். 1920களின் கடைசியில்தான் ஜெர்மனியில் உப்புப் படியாத பிரைமர் வந்தது. அதற்கு முந்தைய தோட்டாவால் பழகியவர்கள் ஒவ்வொரு முறை சுட்டதும் அன்றைக்கே கழுவியாக வேண்டும். (சினிமாவில் ஹீரோ சுட்டுவிட்டுக் குழல் நுனியில் ஸ்டைலாக ஊதுவார். ஈர மூச்சை உள்ளே அனுப்புவது துப்பாக்கிக்கு நல்லதல்ல!)

எந்த எண்ணெய் என்பதும் கேள்வி. சமையலறையில் கிடைக்கும் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். ஸ்லைடு ஒட்டிக்கொள்ளும். தையல் மிஷினுக்குப் போடுவது போன்ற மெல்லிய கனிம எண்ணெய்தான் சரி, அதுவும் கொஞ்சமாக. அதிகம் போட்டால் எண்ணெய் ஊறிப் பிரைமருக்குள் இறங்கித் தோட்டாவைக் கெடுக்கும். தோல் உறையில் வைத்துப் பூட்டுவதும் தப்பு. தோல் பதனிடும் ரசாயனமும் தோல் உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். பழைய துப்பாக்கியை உறையோடு பெட்டியில் வைத்துவிட்டுப் போன பல குடும்பங்களில், பேரன் எடுத்துப் பார்க்கும்போது உறை பட்ட பக்கம் மட்டும் குழி குழியாக இருக்கும்.

வாஞ்சியின் பிரௌனிங்கை யார் கழுவினார், யார் எண்ணெய் போட்டார் என்பதற்கெல்லாம் வரலாற்றில் இடம் கிடையாது. ஆனால் யாரோ செய்திருக்கிறார்கள். மணியாச்சியில் அது இரண்டு முறை வேலை செய்ததே சாட்சி.

வேலை செய்யாத துப்பாக்கிகளின் கதையும் இருக்கிறது. 1948 ஜனவரி 20 அன்று டில்லி பிர்லா மாளிகையில் காந்தியைக் கொல்ல முதல் முயற்சி நடந்தது. அன்று காலை கோட்சே கூட்டத்தில் சிலர் தங்களிடம் இருந்த இரண்டு ரிவால்வர்களை ஹிந்து மகாசபா கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காட்டில் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் உருளை சரியாக வரவில்லை. மற்றொன்றில் சுட்ட குண்டு, குறி பார்த்த மரம் வரைக்கும்கூடப் போகவில்லை. எண்ணெய் பாட்டிலும் பேனாக்கத்தியும் வரவழைத்துப் பழுது பார்த்தார்கள். இதெல்லாம் செங்கோட்டை வழக்கில் அப்ரூவர் பாட்கேயின் சாட்சியத்தில் வருகிறது. அன்றைய முயற்சி தோற்றது. அதற்குப் பிறகு கோட்சே குவாலியருக்குப் போய் வேறு துப்பாக்கி தேடினார். ஜனவரி 28இல் கிடைத்தது இத்தாலிய ராணுவத்துக்காகச் செய்த பெரெட்டா 1934 மாடல், எண் 606824. பிரௌனிங்கைப் போலவே எளிய அமைப்புள்ள ஆட்டோமேட்டிக். ஜனவரி 30 அன்று அது மூன்று முறை வெடித்தது. நடுவில் இருந்த பத்து நாட்களில் போலீஸ் விழித்துக்கொண்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. துருப்பிடித்த ரிவால்வர்கள் நாட்டுக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்தன. அதை யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

தோட்டா இல்லாமல் தோற்ற கதை இன்னொன்று. 1930 ஏப்ரல் 18 இரவு சிட்டகாங்கில் சூர்யா சென் குழு துணைப்படையின் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. ரைபிள்கள், லூயிஸ் மெஷின்கன் எல்லாம் கையில். ஆனால் தோட்டா வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தோட்டா இல்லாத மெஷின்கன் என்பது நல்ல எடையுள்ள இரும்பு, வேறொன்றுமில்லை. இதற்கு நேர் எதிரானது 1914 ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் ராடா கம்பெனிச் சரக்கு காணாமல் போனது. சுங்கத்திலிருந்து பெட்டிகளை எடுத்துவரப் போன கம்பெனி ஊழியரே புரட்சிக் குழுவின் ஆள். 50 மவுசர் பிஸ்டல்கள், கூடவே 46,000 தோட்டாக்கள். துப்பாக்கியை விடத் தோட்டா எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆயிரம் தோட்டா வந்தால் பழகலாம், சுடலாம், மிச்சமும் வைக்கலாம். அடுத்த சில வருடங்களில் வங்காளத்தில் நடந்த பெரும்பாலான தாக்குதல்களில் இந்த மவுசர்கள் வந்ததாக ரௌலட் கமிட்டி அறிக்கை அலுத்துக்கொள்கிறது. 1915 செப்டம்பர் 9இல் பாலசோர் அருகே பாகா ஜதின் நான்கு பேரோடு போலீஸ் படையை எதிர்த்து நின்றதும் மவுசரை வைத்துத்தான். அந்த மவுசரும் தனி ரகம். மரக் கைப்பிடியைப் பிடிக்கும் ஸ்குரூவைத் தவிர உள்ளே ஸ்குரூவே கிடையாது. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கும். பிரித்தவர் திருப்பிச் சேர்க்கத் தெரியாவிட்டால் திண்டாட வேண்டியதுதான்.

தோட்டாவுக்கும் வயதாகும். உள்ளே இருக்கும் புகையில்லா மருந்து வெப்பத்தில் மெல்லச் சிதையும், பிரைமர் ஈரம் கோத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலும் மழைக்காலமும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் 1967 ஜனவரி 12. ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். மிக அருகில் இருந்து சுட்ட குண்டு, காதோரமாகப் புகுந்து கழுத்தில் போய்த் தங்கியது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல்தான் மாறிப்போனது. பல வருடங்களுக்கு முன் வாங்கி வைத்திருந்த பழைய தோட்டா, வேகம் குறைந்திருந்தது என்பது வழக்கில் தடயவியல் ரீதியாகப் பேசப்பட்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே எம்.ஜி.ஆர். அந்தத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்ததும், பிறகு தமிழ்நாட்டு அரசியல் போன போக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மேஜை டிராயரில் கிடந்த தோட்டாவின் வயதுக்கு இவ்வளவு விளைவு.

வெடிக்காத பழைய தோட்டாவில் இன்னொரு பயங்கரம், தாமதமாக வெடிப்பது. விசையை இழுத்தாயிற்று, "டிக்" என்ற சத்தம் மட்டும். கெட்டுப்போன தோட்டா என்று குழலை எட்டிப் பார்த்தால் சில விநாடி கழித்து வெடிக்கும். அதனால் ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது எல்லா நாட்டு ராணுவத்திலும் விதி.

மணியாச்சிக்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தில், ஐந்தாம் ஜார்ஜைக் கொல்ல 3000 பேர் சபதம் எடுத்திருப்பதாக எழுதியிருந்தது. சனாதன தர்மத்தின் பெயரால் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தின் சில சொற்கள் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது, நடக்க வேண்டிய சண்டைதான். 14 பேர் மீது திருநெல்வேலி சதி வழக்கு. சென்னை ஹைகோர்ட்டில் விசாரணை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருடம். 3000 பேரும் இல்லை, 3000 துப்பாக்கியும் இல்லை. இருந்திருந்தாலும் அவற்றுக்குத் தோட்டா எங்கே, எண்ணெய் போட ஆள் எங்கே, பழகச் சுடுதளம் எங்கே? கடிதம் எழுதுவது சுலபம். வ.வே.சு. ஐயர் இதைக் கண்ணால் பார்த்தவர். பின்னாளில் அவர் ஆயுத வழியை விட்டுவிட்டு காந்தியின் பக்கம் வந்ததற்குக் கொள்கை மாற்றம் காரணம் என்று சொல்வார்கள். இருக்கலாம். பிரௌனிங்கைக் கையில் வைத்துப் பாடம் நடத்தியவருக்கு அந்த வழியின் கணக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது இந்த ரகத் துப்பாக்கிகளின் பராமரிப்பு என்பது வேறு. சுடுவதற்கல்ல, பார்ப்பதற்கு. மியூசியங்களில் வெறும் கையால் தொட விடமாட்டார்கள், விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறதல்லவா. காற்றின் ஈரத்தை அளந்து கட்டுப்படுத்துவார்கள். எண்ணெய்க்குப் பதில் மெல்லிய மெழுகு பூசுவார்கள். பழுப்புத் துரு வந்தால் எண்ணெய் தொட்டு மிக மென்மையாகத் தேய்ப்பார்கள், பாலீஷ் போட்டுப் புதிது போல் ஆக்கமாட்டார்கள். புதிது போல் ஆக்குவது சரித்திரத்தை அழிப்பது. எண்ணும் முத்திரையும் தேய்ந்து போனால் அது யாருடைய துப்பாக்கி என்பதே போய்விடும். சந்திரசேகர் ஆசாத் 1931 பிப்ரவரி 27 அன்று கடைசியாகச் சுட்ட கோல்ட் பிஸ்டலை நாட்-போவர் என்ற போலீஸ் அதிகாரி ஓய்வு பெற்றபோது இங்கிலாந்துக்கே கொண்டுபோய்விட்டார். 1970களில் அது திரும்பி வந்து அலகாபாத் மியூசியத்தில் இருக்கிறது.

பகத் சிங்கின் பிஸ்டலுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட .32 கோல்ட் ஆட்டோமேட்டிக், அதுவும் பிரௌனிங்கின் வடிவமைப்புதான். லாகூரிலிருந்து பில்லௌர் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு வந்து, அங்கிருந்து 1969இல் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்குப் போனது. கூட்டத்தோடு கூட்டமாகக் கிடந்தது. யாரோ ஒரு பொறுப்பான ஆள், துருப்பிடிக்கக் கூடாதே என்று அதன் மேல் கருப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். பராமரிப்பு! எண் மறைந்துபோனதால் அது யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. 2016இல் பழைய வழக்கு ஆவணங்களை வைத்துத் தேடி வந்தபோது பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளே எண் தெளிவாக இருந்தது, 168896. அடுத்த வருடம் அதைப் பஞ்சாபுக்குக் கொண்டுவந்து உசைனிவாலாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.